தரம் பத்துக்குப் பிறகு யாரும் பார்க்காத கண்

1964ஆம் வருஷத்தை மலையகத்தில் வரலாறு படிக்கிற நாங்க எல்லாரும் ஒரே காரணத்துக்காகத்தான் ஞாபகம் வச்சிருப்போம். ஒக்டோபர் 30ஆம் திகதி டில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம். நாடற்றவர்கள் என்று கணக்கெடுத்த 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருக்கிற 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதி மூடினார்கள். தேயிலைப் பெட்டி எண்ணுகிற மாதிரி ஆட்களை எண்ணின கதை நமக்குப் பழசு.

அதே வருஷம் இலங்கையிலிருந்து சிங்கப்பூருக்கு ஆறு கண்கள் போயின. இறந்தவர்களிடமிருந்து எடுத்த கண்கள். ஐஸ் அடைத்த ஒரு பிளாஸ்க்கில் வைத்துக் கையோடு கொண்டு போனதாகச் சொல்வார்கள். இலங்கை உலகத்துக்குக் கண் கொடுக்கத் தொடங்கினது அங்கிருந்துதான். இந்த இரண்டாவது 1964 எனக்குத் தெரிய வந்தது ஒரு நோயைப் பற்றித் தேடப் போன இடத்தில். கெரட்டோகோனஸ் என்று அதற்குப் பெயர்.

என்னோடு நோர்வூட்டில் படித்த ஒருத்தன். சாதாரணதரப் பரீட்சைக்கு முதல் வருஷம் முதல் தடவையாகக் கண்ணாடி போட்டான். கெம்பஸ் வருவதற்குள் நாலு தடவை மாத்திவிட்டான். ஒவ்வொரு தடவையும் கடையில் "பவர் கூடியிருக்கு" என்றுதான் சொன்னார்கள், கண்ணாடியை மாத்திக் கொடுத்தார்கள். இரவில் தெரு லைட்டைப் பார்த்தால் ஒன்று நாலாகத் தெரியுது, வால் முளைச்ச மாதிரி தெரியுது என்பான், நாங்க சிரிப்போம். இருபத்தோரு வயதில்தான் ஒரு கண் டொக்டர் அவனை ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்து, கலர் கலராக ஒரு படம் எடுத்துக் காட்டி, இது பவர் பிரச்சினை இல்லை தம்பி என்று சொன்னார். நான் கலைப்பீடத்து ஆள். மருத்துவம் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு நோய்க்கும் வரலாறு உண்டு, அந்த வரலாறு யாரைத் தொட்டது, யாரைத் தொடாமல் போனது என்று கேட்கலாம் இல்லையா?

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற படலத்தைத்தான் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் விழிவெண்படலம் என்று படித்தோம். ஊரில் கருவிழி என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அதன் நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் கூட. உள்ளே கொலாஜன் நார்கள் அடுக்கடுக்காகப் பின்னிக் கிடக்கிறதால்தான் அது உருண்டையாக நிற்குது. கெரட்டோகோனஸில் அந்தப் பின்னல் தளர்ந்து படலம் மெலிகிறது. மெலிந்த இடம் கண்ணுக்குள் இருக்கிற அழுத்தத்துக்கு முன்னால் தள்ளி, உருண்டை கூம்பாகிறது. வெளிச்சம் சரியான இடத்தில் குவியாது. ஒன்று பலதாகத் தெரியும், எழுத்து நிழல் விழுந்த மாதிரி இழுபடும். நோகாது, சிவக்காது. கண்ணாடியைப் பார்த்தால் உங்கள் கண் உங்களுக்கு எப்பவும் போலத்தான் இருக்கும்.

பருவ வயதில் தொடங்கி, இருபதுகளில் வேகமாகி, முப்பத்தைந்து நாற்பதில் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுகிற நோய் இது. அதாவது மனுஷன் படித்து, பரீட்சை எழுதி, வேலை தேடி, லைசன் எடுக்கிற வருஷங்களை மட்டும் பார்த்துத் தின்கிறது. நாற்பதில் அது அடங்கும்போது கையில் என்ன மிச்சமிருக்கும் என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதினவர் லிவர்பூல்காரர் ஜோன் நொட்டிங்ஹாம். கூம்பு விழியைப் பற்றி 1854இல் முழுப் புத்தகமே போட்டார். அதே 1854இல்தான் இலங்கையில் தோட்டத்துரைமார் சங்கம் தொடங்கினது. வருஷங்களை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது வரலாறு படிக்கிறவர்களின் கெட்ட பழக்கம், மன்னிச்சுக்கொள்ளுங்க. நொட்டிங்ஹாமின் காலத்தில் வைத்தியம் என்று செய்ததைப் படித்தால் மயிர்க்கூச்செறியும். ஜேர்மனியின் பெரிய கண் வைத்தியர் வொன் கிரேஃப, கூம்பின் நுனியை சில்வர் நைத்திரேற்றால் சுட்டார். சுட்ட இடம் தழும்பாகிச் சுருங்கினால் கூம்பு தட்டையாகும் என்பது கணக்கு. லண்டனில் வில்லியம் போமன் கண்மணியை இழுத்து ஒரு கீறல் மாதிரி ஆக்கிப் பார்த்தார். இரண்டுமே அடிப்படையில் ஒரே யோசனைதான். வளைந்ததை நேராக்க முடியாது, சேதத்தோடு சமாளி.

1888இல் சூரிச்சில் ஃபிக் என்பவரும் பாரிஸில் கால்ட் என்பவரும் கண்ணுக்கு மேல் நேரடியாக வைக்கிற கண்ணாடி ஓடுகளைச் செய்தார்கள். கால்ட்டின் நோக்கமே கூம்பு விழிதான். அந்த ஓட்டால் கூம்பை அமுக்கி வைக்கலாம் என்று நினைத்தார். இன்றைக்கு நாங்க ஸ்டைலுக்கு, கண் கலர் மாத்தப் போடுகிற கொன்டாக்ட் லென்ஸின் பிறப்பில் இந்த நோய்க்கும் பங்கு இருக்கு. கூம்பை அது அமுக்கவில்லை. ஆனால் வேறொரு விஷயம் புரிந்தது. கரடுமுரடான கருவிழிக்கு மேல் மழுமழுப்பான கடினமான லென்ஸை வைத்தால், இரண்டுக்கும் நடுவில் கண்ணீர் நிரம்பி மேடு பள்ளத்தைச் சமப்படுத்தும், பார்வை தெளியும். இன்றைக்கும் கெரட்டோகோனஸ்காரர்களில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளை ஓட்டுவது இந்தக் கடின லென்ஸ்களில்தான். லென்ஸ் நோயை நிறுத்தாது. நோயோடு வாழ வைக்கும்.

இந்த நோய் எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கே ஒரு தனி வரலாறு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1935 முதல் 1982 வரைக்குமான பதிவுகளைப் பார்த்து லட்சம் பேரில் 54 பேர் என்றார்கள். ஏறத்தாழ 1,800 பேருக்கு ஒருத்தர், அபூர்வ நோய். 2017இல் நெதர்லாந்தின் காப்புறுதிப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது 375 பேருக்கு ஒருத்தர் என்று வந்தது. இந்தியாவில் மகாராஷ்டிர கிராமங்களில் 4,667 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு நூற்றுக்கு இரண்டுக்கும் மேல் என்றது. அவர்கள் வைத்த அளவுகோல் கொஞ்சம் தாராளமானது என்று மற்ற டொக்டர்மார் சொல்கிறார்கள், அதையும் சேர்த்தே சொல்லணும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் பார்த்தபோது வெள்ளைக்காரர்களை விடத் தெற்காசியர்களுக்கு இது நாலு மடங்குக்கு மேல், அதுவும் இளமையிலேயே வந்தது. நடுவில் என்ன மாறினது? நோய் திடீரென்று பரவிவிடவில்லை. கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாகக் காட்டுகிற டொப்போகிராபி மெஷின் வந்தது. மெஷின் இருக்கிற ஊரில் நோய் இருக்கும். மெஷின் இல்லாத ஊரில் "பவர் கூடியிருக்கு" என்பார்கள்.

கருவிழி மாத்துகிற கதைக்கு வருவோம். முதன்முதலாக மனுஷக் கருவிழி ஒன்று இன்னொருத்தரின் கண்ணில் ஒட்டித் தெளிவாக நின்றது 1905 டிசம்பர் 7ஆம் திகதி. இடம் ஒலொமூட்ஸ், இன்றைய செக் குடியரசு. டொக்டர் எட்வார்ட் சிர்ம். பார்வை கிடைத்தவர் பெயர் அலோயிஸ் குளோகர், சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போன ஒரு கூலித்தொழிலாளி. கொடுத்தது 11 வயதுப் பிள்ளை, கண்ணில் இரும்புத் துண்டு பாய்ந்து அந்தக் கண்ணையே எடுக்கவேண்டி வந்த பையன். ஒரு கண்தான் பிடித்தது. அந்த ஒற்றைக் கண்ணோடு குளோகர் திரும்ப வேலைக்குப் போனார். மருத்துவ வரலாற்றில் முதல் நோயாளியாக ராசாவும் துரையும் இல்லாமல் ஒரு நாட்கூலி நிற்பது எனக்குப் பிடிச்சிருக்கு.

1930களில் ஒடெசாவில் ஃபிலாடோவ், உயிரோடிருப்பவரின் கண் தேவையில்லை, இறந்தவரின் கருவிழியே போதும் என்று காட்டினார். அதே காலத்தில் நியூயோர்க்கில் கஸ்த்ரோவியேஹோ என்ற ஸ்பானியர் கெரட்டோகோனஸ்காரர்களுக்குக் கருவிழி மாத்தத் தொடங்கினார். இனிக் கண் எங்கிருந்து வரும் என்பதுதான் பிரச்சினை.

இந்த இடத்தில்தான் நம்ம தீவு கதைக்குள் வருகிறது. ஹட்சன் சில்வா மருத்துவ மாணவனாக இருந்தபோது, 1958இல், லங்காதீப பத்திரிகையில் இறந்த பிறகு கண்ணைக் கொடுங்கள் என்று கேட்டு எழுதினார். இரண்டு வருஷத்தில் அவரின் அம்மா இறந்தார். அந்த அம்மாவின் கருவிழிகளை ஓர் ஏழை விவசாயிக்கு வைத்தார்கள், அந்தாளுக்குப் பார்வை வந்தது. 1961இல் இலங்கை கண் தானச் சங்கம் தொடங்கினது. ஆரம்பத்தில் சேர்ந்த கண்களை அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்ததாகச் சொல்வார்கள். மனைவி ஐராங்கனி கூடவே நின்றார். மூன்று வருஷத்தில் சிங்கப்பூருக்கு ஆறு கண்கள். 2012 வாக்கில் கணக்குப் பார்த்தபோது 57 நாடுகளுக்கு ஏறத்தாழ 60,000 கருவிழிகள் போயிருந்தன. அதிகமாக வாங்கினது பாகிஸ்தான்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் பௌத்த நண்பர்கள் சிவி ஜாதகத்தைச் சொல்வார்கள். குருட்டுப் பிராமணனாக வந்த சக்கரனுக்குத் தன் இரண்டு கண்ணையும் கொடுத்த ராசா. யார் இந்த ராசா என்று பார்த்தால் நம்ம சிபிச் சக்கரவர்த்திதான்! நமக்குச் சொல்லித்தந்த கதையில் சிபி புறாவுக்காகத் தொடையை அறுக்கிறார், அவர்களுக்குச் சொன்னதில் கண்ணைக் கொடுக்கிறார். நம்ம பக்கத்தில் கண் கொடுத்தவர் கண்ணப்பர். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கண் மாற்று ஒபரேஷன்தான், கால் பெருவிரலை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு செய்தது. கதை இரண்டு பக்கத்திலும் இருந்தது. ஹட்சன் சில்வா அந்தக் கதையைப் பன்சலையிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் எடுத்து ஒரு சங்கமாக ஆக்கினார்.

ஜே.ஆர். ஜெயவர்தன 1996இல் இறந்தபோது அவரின் கண் ஜப்பானுக்குப் போனது. 83ஐ வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தியை எந்த முகத்தோடு வாசிப்பது என்று தெரியாது. எனக்கும் தெரியவில்லை. தானம் தானம்தான்.

திரும்பவும் 1964க்கு. ஒரு கண் பிளாஸ்க்கில் ஏறி ஒரே நாளில் கடல் தாண்டின அந்த வருஷத்தில், ஒரு தோட்டத் தொழிலாளி எந்த நாட்டு ஆள் என்று தெரியாமல் விண்ணப்பம் போட்டுக் காத்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் பெருமையைக் குறைக்கிறதுக்கு இதைச் சொல்லவில்லை. கொடுப்பதில் இந்தத் தீவு கெட்டிக்காரி. கொடுத்த பிறகு என்ன ஆகிறது, வாங்கின ஆள் பத்து இருபது வருஷம் எப்படி வாழ்கிறார் என்பது வேறு கேள்வி, அதற்குப் பிளாஸ்க் போதாது.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பது அவுஸ்திரேலியா. அங்கே கருவிழி மாத்தின ஒவ்வொருத்தரையும் ஒரு பதிவேட்டில் எழுதி வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கிறார்கள். கெரட்டோகோனஸுக்காக மாத்தின 4,834 கண்களின் கணக்கை 2011இல் வெளியிட்டார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு நூற்றுக்கு 89 நன்றாக இருந்தன. எந்த உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் இது பெருமைப்படத்தக்க எண். இருபது வருஷத்தில்? 49.

இந்த எண்ணைப் படிக்கும்போது வயதைச் சேர்த்துப் படிக்கணும். எழுபது வயதில் கருவிழி மாத்தின ஆளுக்கு இருபது வருஷம் போதும். 22 வயதில் மாத்தினால் 42இல் பாதிப் பேருக்குத் திரும்ப மாத்த வேண்டி வரும். அப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம், கடன் கட்டுகிற நேரம். இரண்டாவது ஒட்டு முதலாவது அளவுக்குப் பொதுவாக நிலைக்காது. ஒட்டின கண் என்பது முடிந்துபோன வேலையும் இல்லை. தையல் பிரிக்கணும், மாதக்கணக்காக ஸ்டீரொய்ட் சொட்டு விடணும், கண் சிவந்தால் அன்றைக்கே ஓடணும், உடம்பு அந்தக் கருவிழியைத் தள்ளப் பார்க்கிறதோ என்று. முழுத் தடிப்பையும் வெட்டி ஒட்டின இடம் ஒருநாளும் பழைய பலத்துக்கு வராது, பலமாக ஓர் அடி பட்டால் வருஷங்கள் கழித்தும் பிரியலாம். மலைச்சரிவில் கூடையோடு ஏறுகிறவர், கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவர், விறகு பிளக்கிறவர் இதைக் கேட்டால் என்ன சொல்வார்?

பயமுறுத்துகிற மாதிரி எழுதிவிட்டேனோ தெரியாது. எல்லாருக்கும் இந்த நிலை வராது. குரொஸ்-லிங்கிங் வருவதற்கு முந்திய காலத்திலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர்தான் ஒட்டு ஒபரேஷன் வரைக்கும் போனார்கள் என்பது பொதுவான கணக்கு. முழுக் குருடாவது மிக அரிது. ஆனால் "குருடாகமாட்டாய், கவலைப்படாதே" என்ற ஆறுதலில் ஒரு ஓட்டை இருக்கு. அமெரிக்காவில் 16 நிலையங்களில் 1,209 பேரை 1990களின் நடுவிலிருந்து எட்டு வருஷம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, அவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கு என்று கேட்டும் பார்த்தது. பார்வைப் பலகையில் அவர்கள் வாசித்த வரிகள் அவ்வளவு மோசமில்லை. வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன பதில்கள் மோசம். வயதானவர்களுக்கு விழித்திரை கெட்டுப்போகிற நோயின் நடுத்தர நிலைக்கும் கடும் நிலைக்கும் இடையில் வந்து நின்றது. முப்பது வயதுக்காரர் எழுபது வயதுக்காரரின் கண் கஷ்டத்தைச் சொல்கிறார். பலகை ஒரு மாதிரிச் சொல்லுது, மனுஷன் வேற மாதிரிச் சொல்றான். எது சரி? நான் மனுஷன் பக்கம்.

பிறகு ஜேர்மனியின் டிரெஸ்டனில் தியோ சைலரும் கூட்டாளிகளும் ஒரு யோசனை பிடித்தார்கள். சீனி வருத்தம் இருக்கிற இளம் ஆட்களுக்கு கெரட்டோகோனஸ் அநேகமாகக் காணப்படுவதில்லை என்று டொக்டர்மார் கவனித்திருந்தார்கள். இரத்தத்தில் கூடுகிற சீனி கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்கிவிடுகிறது. வயது போகும்போது எல்லாருக்கும் மெதுவாக நடப்பதும் இதேதான், நாற்பதில் நோய் தானாக நிற்கிற காரணமும் இதுவாகத்தான் இருக்கணும். அப்படியானால் நாற்பது வயதுக் கருவிழியின் விறைப்பைப் பதினாறு வயதுக் கண்ணுக்குக் கொடுக்க முடியாதா? விற்றமின் பி2, அதாவது ரைபோஃபிளேவின், சொட்டாக விட்டு ஊற வைத்து, அதற்கு மேல் ஊதாக்கடந்த ஒளியை அரை மணித்தியாலம் பாய்ச்சினார்கள். பல் டொக்டர் ஒளி அடித்துப் பசையை இறுக வைப்பதைப் பார்த்து இந்த யோசனை வந்ததாகவும் ஒரு கதை உண்டு. 2003இல் வந்த முதல் அறிக்கையில் இருந்தது 22 பேரின் 23 கண்கள்தான். எல்லாவற்றிலும் நோய் நின்றிருந்தது. 16 கண்களில் கூம்பு கொஞ்சம் தட்டையாகியும் இருந்தது.

அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது 2016இல். பிரித்தானியாவில் 10 முதல் 16 வயது வரையான 60 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்த முடிவு 2021இல் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு ஒன்றரை வருஷத்தில் நோய் முற்றியது. குரொஸ்-லிங்கிங் செய்தவர்களில் 7.

நொட்டிங்ஹாம் முதல் டிரெஸ்டன் வரைக்கும் 150 வருஷம், எல்லாரும் வளைந்த கண்ணை என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். சைலர்தான் வளையாமல் நிறுத்த முடியுமா என்று கேட்டார். இதில் பெரிய நிபந்தனை ஒன்று இருக்கு. குரொஸ்-லிங்கிங் இருக்கிறதை இருக்கிற இடத்தில் நிறுத்தும், போனதைத் திருப்பித் தராது. படலம் மிகவும் மெலிந்துவிட்டால் வழக்கமான முறையில் செய்யவும் முடியாது. பதினாறில் கண்டுபிடித்தவனுக்கும் இருபத்து மூன்றில் கண்டுபிடித்தவனுக்கும் ஒரே நோய், ஒரே சிகிச்சை, ஆனால் வாழ்க்கை வேற. முன்னெல்லாம் இந்த நோயின் முடிவை ஒபரேஷன் தியேட்டர் தீர்மானித்தது. இப்போது முதல் படம் எடுத்த திகதி தீர்மானிக்கிறது.

இனி நோர்வூட். மஸ்கெலியாப் பாதையும் பொகவந்தலாவைப் பாதையும் பிரிகிற சந்தி, சுத்தி வர தோட்டங்கள். தோட்ட வைத்தியத்தின் வரலாறு 1872இல் கொண்டுவந்த ஒரு சட்டத்திலிருந்து தொடங்குகிறது. கோப்பிக் காலம். குடியேறின தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம் என்று பெயர், 1912இல் அதைப் புதுப்பித்தார்கள். கொலரா, வயிற்றோட்டம், பிறகு கொக்கிப்புழு. 1916 வாக்கில் ரொக்ஃபெல்லர் மன்றம் கொக்கிப்புழுவுக்கு எதிராகப் பெரிய இயக்கமே நடத்தினது. எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் அந்த வைத்தியத்தின் அளவுகோல் ஒன்றே ஒன்று: நாளைக்குக் காலையில் இந்த ஆள் பெரட்டுக்கு வந்து நிற்பாரா? கொழுந்தெடுக்கிற கை இருந்தால் போதும். பதினேழு வயதில் மெதுவாக மங்குகிற கண் பெரட்டுக் கணக்கில் குறையாது, அதனால் டிஸ்பென்சரிப் புத்தகத்திலும் வராது. தோட்டங்கள் 1970களில் அரசுக்குப் போய், 1992இல் கம்பனிகளுக்குத் திரும்பி, தோட்ட ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகும், டிஸ்பென்சரி என்றால் காய்ச்சலுக்கும் காயத்துக்கும்தான் என்ற பழக்கம் நம்ம மனசிலேயே மிச்சமிருக்கு.

மாறவே இல்லை என்று சொல்ல முடியாது. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை இந்திய உதவியில் 150 கட்டிலோடு எழும்பி, 2017 மே 12ஆம் திகதி மோடி வந்து திறந்தார், பிறகு நோர்வூட் மைதானத்தில் பேசினார். அந்தக் கூட்டத்தை இன்னும் ஊரில் பேசுவார்கள். அதே மேடையில் 10,000 வீடு சொன்னார், அது வேறு கட்டுரை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனை இலங்கையில் நல்ல ஏற்பாடு. பீ.எச்.ஐ. வருவார், பலகையில் எழுத்து வாசிக்கச் சொல்வார், பல் பார்ப்பார், நிறை உயரம் எடுப்பார். தரம் 1, 4, 7, 10. பத்தில் நமக்கு வயது பதினைந்து. கெரட்டோகோனஸ் பலருக்கு அப்போதுதான் தொடங்குது. அதற்குப் பிறகு சாதாரணதரம், உயர்தரம், கெம்பஸ் அல்லது கொழும்பில் கடை வேலை. எந்த வருஷங்களில் நோய் ஓடுகிறதோ அந்த வருஷங்களில் யாரும் நம் கண்ணைப் பார்ப்பதில்லை, கண்ணாடிக் கடைக்காரரைத் தவிர. பத்தாம் வகுப்புப் பலகையில் தொடக்க நோய் தெரியவும் தெரியாது, கண்ணைச் சுருக்கி வாசித்தால் கடைசி வரி வரைக்கும் போய்விடலாம்.

அப்போ என்னதான் செய்றது? ஒரு வருஷத்துக்குள் பவர் மாறுது, அதிலும் சிலிண்டர் பவர் கூடிக்கொண்டே போகுது, கண்ணாடி போட்டும் ஒரு கண் தெளியவில்லை, ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் ஒன்று இரண்டாகத் தெரியுது. இதில் எது இருந்தாலும் கண் டொக்டரிடம் போய் "டொப்போகிராபி எடுக்கணுமா?" என்று வாய் திறந்து கேளுங்க. அண்ணன், தங்கச்சி, அப்பா யாருக்காவது இருந்தால் கேட்காமல் விடவே கூடாது. கண்ணைக் கசக்காதீங்க. டொக்டர்மார் எல்லாரும் முதலில் சொல்வது அதுதான், கசக்கக் கசக்கப் படலம் இன்னும் மெலியும். லயத்துக் காம்பிராவில் விறகுப் புகைக்குக் கண் கசக்காத ஆள் யார் என்று கேட்பீங்க. புகையால் இந்த நோய் வருது என்று நான் சொல்லவில்லை. கையை எடுங்க என்றுதான் சொல்றேன்.

இலங்கையிலும் குரொஸ்-லிங்கிங் உண்டு. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் 2011இல் தேசியக் கண் வங்கியும் திறந்தார்கள், சிங்கப்பூரின் உதவியோடு. 1964இல் ஆறு கண் வாங்கின ஊர் திருப்பிச் செய்த கைமாறு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வைத்தியசாலை நிற்கிற இடத்தின் பெயர் இன்னும் சுவாரசியம். பலகையில் டி சொய்சா சுற்றுவட்டம் என்று போட்டிருக்கும். பஸ் கொண்டக்டரிடம் அப்படிக் கேட்டுப் பாருங்க, ஒரு நிமிஷம் யோசிப்பார். லிப்டன் என்று சொன்னால் உடனே விளங்கும். நம்ம தேயிலை லிப்டன்தான்.

நோர்வூட்டிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் போதாது என்பதுதான் பலருக்கு உள்ள பிரச்சினை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இரண்டு நாள் பேர் இல்லாமல் போகும், பஸ் காசு இரண்டு பேருக்கு, இடையில் சாப்பாடு. முதல் தடவை போனால் திகதி மட்டும் கிடைக்கலாம், மெஷினுக்கு இன்னொரு திகதி வரலாம். ஹட்டனில் இரவு பஸ் ஏறினால் விடிய முதல் லிப்டனில் இறங்கலாம். போகும்போது பழைய கண்ணாடித் துண்டுகள் எல்லாவற்றையும், எந்த வருஷம் எந்தப் பவர் என்று எழுதின அந்தச் சின்னச் சின்னக் கடதாசிகளையும், எறியாமல் எடுத்துக்கொண்டு போங்க. டொக்டர் முதலில் கேட்கிறது அதைத்தான்.